வெள்ளிக்கிழமை வராத கார்

அந்த வெள்ளைக் கார் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் நப்லாவுக்கு அடுப்படியிலிருந்தே தெரியும். மற்ற வாகனங்கள் முனையில் ஒரு தரம் தயங்கி, வழி சரிதானா என்று பார்த்துத்தான் திரும்பும். இது தயங்காது. பட்டிக்குத் திரும்பும் மாடு மாதிரி நேரே வந்து, முற்றத்து வேப்பமரத்தின் கீழ் நிற்கும். கதவு திறக்கும். முதலில் ஒரு செருப்பு இறங்கும், பிறகு சாரியின் கரை, அதன் பிறகு, சம்மாந்துறைப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வீடு திரும்பும் கிருசிகா டீச்சர்.

"வந்திட்டா," என்று நப்லா கறிச்சட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

வளவு நப்லாவுடையது. கலியாணத்துக்கு வாப்பா அவள் பெயரில் எழுதிக் கொடுத்த வீடும் வளவும். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை றிபாஸ்தான் சாய்ந்தமருதிலிருந்து பெண் வீட்டுக்கு வந்து குடியேறினான். வரும்போது ஒரு பெட்டி ஸ்பெனரும் ஒரு மீற்றரும் கொண்டுவந்தான். முற்றத்தின் முன்பாதிக்குத் தகரக் கூரை போட்டு, வாகன வயரிங் வேலை செய்யும் கராஜ் ஆக்கினான். இரண்டு வருடத்துக்குள் கல்முனையில் அவனுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. மற்ற இடத்தில் கைவிட்ட பெட்டரியை றிபாஸ் பாஸிடம் கொண்டுபோ என்பார்கள்.

தன் வளவில், தன் வேப்பமரத்தின் கீழ், தன் மாப்பிள்ளையோடு இன்னொருத்தி நின்று கதைக்க, தான் மட்டும் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நிற்பது நப்லாவின் நெஞ்சைக் கறையான் மாதிரி அரித்தது. வெளியே போய் நிற்கவும் அவளால் ஏலாது. வெளியாட்கள் பெயர் கேட்டாலே தொண்டை கட்டிக்கொள்ளும் சுபாவம் அவளுடையது. ஆகவே சீலையை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கிக்கொண்டு நின்றாள்.

"காக்கா, இண்டைக்கும் செவப்பு லைட் பத்திட்டு. ஏசி சுடு காத்து அடிக்கிது," என்றாள் டீச்சர். முஸ்லிம் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பாப்பம் டீச்சர்," என்றான் றிபாஸ்.

ஒவ்வொரு நாளும் நடப்பது ஒன்றுதான். எஞ்சினை நிறுத்தி, பொனட்டைத் திறந்து வைப்பான். உள்ளே கை வைக்க முடியாத சூடு. ஆறட்டும் என்று வேறு வேலை ஒன்றைப் பார்த்துவிட்டு, அரை மணித்தியாலம் கழித்து எஞ்சினைத் திரும்ப ஓடவிட்டு மீற்றரை வைப்பான். பெட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்நேட்டர் சுகமாக இருந்தால், எஞ்சின் ஓடும்போது மீற்றர் பதினாலு வோல்ட்டுக்குக் கிட்டக் காட்ட வேண்டும். பன்னிரண்டில் நின்றால் கார் பெட்டரியில் மிச்சம் இருப்பதைத் தின்றுகொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். அவன் பார்க்கும்போதெல்லாம் அது பதினாலு தசம் ஒன்று காட்டும்.

"எல்லாம் சரியாத்தான் இரிக்கி டீச்சர்."

"அப்ப ஏன் காக்கா ஒவ்வொரு நாளும் இப்பிடி?"

"பாப்பம்."

பெட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவான். முனைகளை உரசித் துடைப்பான். டீச்சர் பாண்டிருப்பில் உள்ள தன் வீட்டுக்குப் போய்விடுவாள். இரண்டு நாளில் திரும்ப வருவாள்.

வேலியின் அடுத்த பக்கம் அவள் மூத்த சகோதரி, ராத்தா நிப்லாவின் வீடு. வேலியில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி இருந்தது. ராத்தா நுழையாமல் தலையை மட்டும் நீட்டுவாள்.

"என்னடி, ஒண்ட மாப்புளைட கராஜில பெட்டரிக்குத்தான் சார்ஜ் ஏறுதா, இல்ல வேற ஆருக்குமா?"

"வாய மூடு ராத்தா."

"நான் மூடுறன். அந்தக் கார்ட மூடியத்தான் மூடுறாங்க இல்ல. ஒரு மணித்தியாலமாத் திறந்தே கிடக்கு."

ஒரு நாள் றிபாஸ் உள்ளே வந்து, "டீச்சர் வெயிலுக்க வந்திரிக்கா, ஒரு தேத்தண்ணி குடு," என்றான். நப்லா சீனி ஒரு மணி கூடப் போடாமல், கசக்கக் கசக்க ஊற்றி அனுப்பினாள். சீலைக்குப் பின்னால் நின்று அந்த முகம் சுளிப்பதைப் பார்க்கக் காத்திருந்தாள். டீச்சர் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"ஆ, நல்ல தேத்தண்ணி காக்கா! நான் சீனி போடுறல்ல எண்டு ஒங்கட வைஃபுக்கு எப்பிடித் தெரியும்?"

அன்றைக்கு நப்லா தேய்த்த சட்டியில் அடி மிச்சம் இருந்தது அதிசயம்.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தொழுகை நேரம் போட்ட கலண்டர் ஒன்று தொங்கியது. கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளை நப்லா அதில்தான் குறிப்பாள். இப்போது டீச்சர் வரும் நாட்களில் பச்சைப் பேனையால் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு எழுத்தும் எழுதினாள். நீ என்றால் நீலச் சாரி. ம என்றால் மஞ்சள். க என்றால் கத்தரிப்பூ நிறம். கத்தரிப்பூ நிறம் டீச்சருக்கு எடுப்பாக இருந்தது, அதனால் அந்த எழுத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதினாள்.

ஆறு கிழமையில் புள்ளிகள் நிறையச் சேர்ந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க நப்லாவுக்கு ஒரு விசயம் பிடிபட்டது. சனி ஞாயிறு பள்ளிக்கூட விடுமுறை, சரி; ஆனால் பள்ளிக்கூடம் உள்ள வெள்ளிக்கிழமைகளிலும் ஒரு புள்ளிகூட இல்லை. ராத்தாவிடம் அதைச் சொன்னாள்.

"ஏன் வாற? வெள்ளிக்கிழம ஒண்ட ஆள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருவான். ஆளில்லாத கராஜில அவவுக்கு என்ன வேல?" என்றாள் ராத்தா, தேங்காய் துருவியபடி.

வறண்ட கச்சான் காற்று அடிக்கும் அந்த வெயில் காலத்தில் அபூர்வமாக மூன்று நாள் மழை பெய்திருந்தது. அந்த மூன்று நாளும் புள்ளி இல்லை.

"சாரி நனையுமே," என்று அதற்கும் ராத்தாவே பதில் சொன்னாள்.

எல்லாம் பொருந்தியது. பொருந்தப் பொருந்த நப்லாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு புதன்கிழமை, மஞ்சள் சாரி, டீச்சர் காரை விட்டு இறங்கியதும் சிரிக்கவில்லை. "காக்கா, கோவிக்காதீங்க. அப்பா சொல்றார், ஞாயிற்றுக்கிழம மட்டக்களப்புக்குக் கொண்டு போவமாம். அங்க ஒரு இடத்தில கொம்பியூட்டர் வச்சுப் பாக்கிறாங்களாம்."

றிபாஸ் கையிலிருந்த துணியை மடித்தான். திரும்ப விரித்தான். "நல்லம் டீச்சர்," என்றான்.

சீலைக்குப் பின்னால் நப்லா, "அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தொலைந்தது! இனி அந்தக் கார் இந்த ஒழுங்கைக்குள் ஏன் வரப்போகிறது?

பகல் சோற்றுக்கு அவனுக்குப் பிடித்த பாரை மீன் கறி. றிபாஸ் சோற்றைப் பிசைந்தான், வாயில் வைக்கவில்லை. பீங்கானில் விரலால் ஒரு கோடு இழுத்தான். அதிலிருந்து இன்னொரு கோடு. வயர் போடுகிறான் என்று நப்லாவுக்கு விளங்கியது.

"சாப்பிடுங்களன்."

"பெட்டரி புதுசு போட்டன் புள்ள. பெல்ட் மாத்தினன். வயரெல்லாம் பாத்தன். என்ட கண்ணுக்கு முன்னால பதினாலு காட்டுது, ரோட்டில போய்ச் செத்துப் போகுது. என்னால ஏலாமப் போன முதல் வேல இது." பீங்கானைத் தள்ளிவைத்தான். "எந்தெந்த நாள் வந்தா எண்டு ஒரு துண்டில எழுதி வச்சிரிந்தாலும் ஒரு பிடி கிடைச்சிரிக்கும். மடையன் நான். ஒண்டும் எழுதல்ல."

நப்லா மீன்முள்ளை எடுத்துப் பீங்கான் ஓரத்தில் வைத்தாள். இன்னொரு முள்ளைத் தேடினாள். பேசாமல் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் மட்டக்களப்புக்குப் போய்விடும். அவள் ஆறு கிழமையாகக் கேட்ட துஆ கபூலாகி, வேண்டுதல் பலித்துவிடும்.

ஆனால் அவன் விரல் இன்னும் பீங்கானில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. அங்கேதான் அவளுக்குப் பயம் வந்தது. கார் போய்விடும், சரி. பழுது கண்டுபிடிக்காமல் போனால் அது இவன் தலைக்குள்ளேயே நின்றுவிடும். பத்து வருடம் கழித்தும், அவள் ஏதோ கேட்க, இவன் அந்தக் காரை நினைத்துக்கொண்டு ம் என்பான். முற்றத்தில் நிற்கும் காரையாவது சீலைக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். தலைக்குள் நிற்பதை எந்த ஜன்னலால் பார்ப்பது?

எழுந்து போய்க் கலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இது என்ன?"

"நீங்க கேட்ட நாள்."

சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி குனிந்து பார்த்தான். "இந்தப் பச்சப் புள்ளியா? சரி. இது என்ன எழுத்து? நீ, ம, க…"

"சாரி."

"என்ன சாரி?"

"நிறம்," என்றாள் நப்லா. மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

றிபாஸ் கலண்டரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். திரும்பக் கலண்டரைப் பார்த்தான். அழுத்தி எழுதிய க ஒன்றில் அவன் கண் கொஞ்சம் கூட நேரம் நின்றது.

"அவ என்ன உடுத்து வந்தா எண்டு எனக்குத் தெரியாது நப்லா. என்ட தல பொனட்டுக்குள்ளதானே இரிந்த."

அவளுக்குக் காது இரண்டும் கொதித்தன.

"வெள்ளிக்கிழமையில ஒண்டும் இல்லையே?"

"நீங்க ஜும்ஆவுக்குப் போயிருவீங்க," என்றாள், கேட்டும் கேளாத குரலில்.

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் வாய்விட்டுச் சிரித்தான். அந்தக் கிழமையில் அவன் சிரித்த முதல் சிரிப்பு. "நான் பள்ளிக்குத் தொழப் போறது அவட காருக்குத் தெரியுமா புள்ள? பழுதாப் போனா வந்து முத்தத்தில நிக்கத்தானே வேணும்?" சிரிப்பு பாதியில் நின்றது. "வெள்ளிக்கிழமையிலயும் அவ பள்ளிக்கூடம் போய்த்தான் வாறா. அப்ப கார் பழுதாகல்ல. இந்த மூணு நாள்?"

"மழ."

"மழையும் வெள்ளியும். சம்மாந்துறை ரோட்டில மழைக்கும் வெள்ளிக்கும் என்ன…"

ராத்தாவின் மாப்பிள்ளையிடம் டிரக்டர் ஒன்று இருந்தது. அறுவடை நாளில் அது விடியவே போய்விடும். மழை பெய்தால் போகாது. வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ நாள் என்று போகாது, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும். நப்லா அதைத் தினமும் பார்ப்பவள்.

"அந்த நாளில வயல் வெட்டு இல்ல," என்றாள். "டிரக்டர் வராது. மத்த நாளெல்லாம் அவ நெல் மூட்டை ஏத்தின டிரக்டருக்குப் பின்னால ஊர்ந்து ஊர்ந்துதான் வந்திரிப்பா."

றிபாஸின் கை சோற்றோடு காய்ந்துகொண்டிருந்தது. "ஊர்ந்தா காத்து அடிக்காது," என்று தனக்குத்தானே சொன்னான். "காத்து அடிக்காட்டி எஞ்சினுக்குள்ள எல்லாம் வேகும். ஆல்டர்நேட்டர் சூட்டில மயங்குது. ஆறினா எழும்புது. நான் என்ன செய்யன்? பொனட்டத் திறந்து, நல்லா ஆற வச்சு, மறுகா மீற்றரப் போடுறன்!"

"காய்ச்சல்காரனக் குளிக்க வாத்துப் போட்டுக் காய்ச்சல் பாக்கிற மாதிரி," என்றாள் நப்லா.

"ஓம்! அதேதான்." எழும்பி நின்றான். உட்கார்ந்தான். "ஆனா ரோட்டில ஓடக்குள்ள பாத்தாத்தான் சரி."

"அத முதலே செய்திரிக்கலாமே."

"எப்பிடி? காரை வேற ஆருக்கும் ஓடக் குடுக்க வேணாம் எண்டு அவட அப்பா சொல்லியிரிக்காரு. அவ ஓட, நான் பக்கத்தில குந்தி இரிந்து போகவா? பிற பொம்புள, தனிய? ஊர் என்ன சொல்லும்? நீதான் என்ன நினைப்பாய்?"

அவன் சொல்லக் கூசிய நினைப்பையெல்லாம் அவள் ஆறு கிழமையாக நினைத்து முடித்திருந்தாள். அந்தக் கூச்சம் இல்லாதவனாக இருந்தால் முதல் கிழமையிலேயே பழுதைக் கண்டுபிடித்திருப்பான். கலண்டரில் இரண்டு புள்ளியோடு முடிந்திருக்கும்.

"அப்ப நான் போறன்," என்றாள்.

சொன்ன பிறகுதான் தொண்டை கட்டியது.

றிபாஸ் போனில் டீச்சரிடம் விசயத்தைச் சொன்னான். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு, இரண்டு மணிக்கு நப்லா அந்தக் காரின் முன் சீட்டில் இருந்தாள். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகும் சின்ன மீற்றர் ஒன்றை றிபாஸ் பொருத்திக் கொடுத்திருந்தான். சிவப்பு எழுத்தில் எண் ஓடும். அதைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. சீட் பெல்ட் போடத் தெரியாமல் அவள் தடுமாற, டீச்சர் குறுக்கே எட்டிப் போட்டுவிட்டாள். என்ன வாசம் வருகிறது என்று நப்லா கவனமாக முகர்ந்தாள். கரும்பலகைச் சோக்குத் தூளும் வியர்வையும் மட்டும்தான்.

"ஒங்கட ஆள் நல்ல மனிசன் நப்லா," என்றாள் டீச்சர், காரைதீவுச் சந்தியில் திருப்பியபடி. "ஆனா கதைக்கத்தான் மாட்டார். 'பாப்பம் டீச்சர்', 'பாப்பம் டீச்சர்'. வீட்டிலயும் அப்பிடித்தானா?"

"வீட்டில 'ம்'," என்றாள் நப்லா.

டீச்சர் சிரித்த சிரிப்பில் கார் ஒரு பக்கம் ஆடியது. நப்லாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு ஆறு கிழமைச் சந்தேகம் நெஞ்சை விட்டு இறங்கியது.

இறங்கிய இடம் வெறுமையாக இருக்கவில்லை. வயல் நடுவே ஒரு மர நிழல்கூட இல்லாத அந்த நேர் வீதியில் டீச்சரின் இடது கை கியரை மாற்றுவதை நப்லா பார்த்துக்கொண்டே வந்தாள். பார்க்காமலே மாற்றினாள். ஹோன் அடித்தாள். மீசைக்காரன் ஒருவன் சைக்கிளை ஓரம் கட்டினான். டீச்சர் இவளைவிட மூன்று நாலு வயதுதான் மூப்பு. நப்லா பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நின்றவள். கடைக்குப் போவதென்றாலும் றிபாஸோ ராத்தாவோ கூட வரவேண்டும். மாப்பிள்ளையை எடுத்துவிடுவாளோ என்று எரிந்த எரிச்சல் இதற்குக் கிட்டவும் வராது என்று தோன்றியது. அது பொய்யாய்ப் போகும் எரிச்சல். இது கண்ணுக்கு முன்னால் கியர் மாற்றிக்கொண்டிருந்தது.

சம்மாந்துறையிலிருந்து திரும்பும்போது நெல் மூட்டை ஏற்றிய டிரக்டர் ஒன்று முன்னால் அகப்பட்டது. கார் ஊர்ந்தது.

"பதினாலு," என்றாள் நப்லா. "பதின்மூணு தசம் ஆறு. டீச்சர், இறங்குது. பதின்மூணு."

"என்ட அல்லாவே," என்றாள் பாண்டிருப்புக் கோயிலுக்குத் தவறாமல் போகும் கிருசிகா டீச்சர். சம்மாந்துறைப் பிள்ளைகளிடம் தொற்றிக்கொண்ட பேச்சு அது.

"பன்னிரண்டு தசம் மூணு."

சிவப்பு விளக்குப் பற்றியது.

"எஞ்சின நிப்பாட்டாதீங்க டீச்சர். ஏசிய மட்டும் நிப்பாட்டுங்க. பொனட் மூடினபடியே போவம்."

முற்றத்தில் வந்து நின்றதும் நப்லாதான் முதலில் இறங்கினாள். வெளியாட்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளோடு நிற்பதை அவள் கவனிக்கவேயில்லை. "ஆற விடாதீங்க! இப்பவே பாருங்க! பன்னிரண்டு தசம் ரெண்டு!" என்று சத்தம் போட்டாள்.

றிபாஸ் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பொனட்டைத் திறந்தான். அனல் முகத்தில் அடித்தது. இந்தமுறை பின்வாங்காமல் குனிந்தான். எஞ்சினின் புகை வெளியேறும் குழாய் கொதித்துக்கொண்டு நின்றது. அதற்கு ஒரு சாண் தள்ளி ஆல்டர்நேட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் இடம்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து நப்லாவின் சந்தோசம் பாதியில் நின்றது.

"டீச்சர்," என்றான். "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தி முதல் முதல் இஞ்ச வந்த நீங்க. கடகட எண்டு சத்தம் வருது எண்டு."

"ஓம். நீங்க உடனே நிப்பாட்டித் தந்தீங்க."

"ஒரு தகரம் ஆடின. ஆணி கறள் பிடிச்சிப் போயிரிந்த. இது தேவல்ல எண்டு கழட்டிப் போட்டுட்டன். சூடு தடுக்கிறதுக்குத்தான் அந்தத் தகரம் வச்சிரிக்காங்க. பிழ என்ட பிழ."

மோட்டார் சைக்கிள்காரர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். டீச்சர் இடுப்பில் கை வைத்தாள். முகம் வகுப்பறை முகமாக மாறியது.

"ஆறு கிழம காக்கா! ஆறு கிழம நடுரோட்டில நிண்டிரிக்கன். ஒவ்வொரு நாளும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சன், தெரியுமா?"

"அந்தத் தேங்காய்க்கும் நான்தான் பொறுப்பு டீச்சர்," என்றான் றிபாஸ், தலை குனிந்தபடி.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சரி சரி. செய்து தாங்க. மட்டக்களப்புக்குப் போகல்ல எண்டு அப்பாட்டச் சொல்றன். ஆரு கண்டுபிடிச்ச எண்டும் சொல்றன்." கடைசி வசனத்தை நப்லாவைப் பார்த்துச் சொன்னாள்.

வேலி இடைவெளியில் நீண்டிருந்த ராத்தாவின் தலை மெதுவாகப் பின்னால் போனது.

இரண்டு நாள் கார் கராஜிலேயே நின்றது. றிபாஸ் தடித்த தகரம் வெட்டி, வளைத்து, புது ஆணி போட்டு இறுக்கினான். சூட்டில் கெட்டுப்போன ஆல்டர்நேட்டரின் உள்சாமானை மாற்றினான். பெட்டரிக்கும் வெப்பம் தாங்கும் உறை ஒன்று போட்டான். அந்த இரண்டு நாளும் சோற்றில் கோடு போடவில்லை. ஆனால் அவன் முகம் முழுதாகத் தெளியவும் இல்லை. மோட்டார் சைக்கிள்காரர்கள் கதையைச் சந்தை வரைக்கும் கொண்டுபோயிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம், "எங்க பாஸ், ஒங்கட வீட்டுப் புள்ளையும் பாத்துச் சொன்னா நல்லமே," என்று ஆளாளுக்குப் பகிடி விட்டார்கள்.

சனிக்கிழமை பகல் டீச்சர் வந்தாள். சாரி இல்லை, சட்டையும் சல்வாரும். நப்லா அந்த நிறத்தைக் கவனிக்க மறந்துபோனாள்.

"டிரக்டருக்குப் பின்னால கொண்டுபோய் ஒருக்காப் பாத்திட்டா முடிஞ்சிது," என்றான் றிபாஸ்.

"வாங்க நப்லா!" என்று டீச்சர் முன்கதவைத் திறந்தாள்.

நப்லா அபாயாவை மாட்டிக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். பெல்ட்டைத் தானே போட்டாள். பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிக் கட்டுகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு றிபாஸ் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க எதுக்கு?"

"இது என்ட வேல. நீயும்தானே இரிக்காய், இப்ப நான் வந்தா என்ன?"

டீச்சர் கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு காரை எடுத்தாள். சந்தி தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, "கையக் கொண்டாங்க," என்று நப்லாவின் கையைப் பிடித்துக் கியரில் வைத்தாள். மேலே தன் கையை வைத்து அழுத்தினாள். "நான் சொல்லக்குள்ள இழுங்க. இப்ப."

கார் லேசாக உதறி, சரியானது. நப்லா சின்னப்பிள்ளை மாதிரிக் கூவினாள்.

"பாண்டிருப்பு கிரவுண்ட் பின்நேரத்தில சும்மாதான் கிடக்கும். ரெண்டு மாசத்தில பழக்கிருவன்."

"ஆரப் பழக்கிற?" என்றான் றிபாஸ்.

முன்னால் டிரக்டர் ஒன்று வந்து அகப்பட்டது. டீச்சர் அதன் பின்னால் ஊர்ந்தாள். கிளட்ச் என்பது எந்தக் காலுக்கு என்று நப்லா கேட்டாள். டீச்சர் சாவகாசமாக விளக்கிச் சொன்னாள். இரண்டு சீட்டுக்கும் நடுவால் றிபாஸின் தலை நீண்டது.

"பதினாலு தசம் ரெண்டு," என்றான்.

"அப்ப இடது காலத் தூக்கக்குள்ள கார் நிண்டு போகாதா டீச்சர்?"

"மெதுவாத் தூக்கணும். இஞ்ச பாருங்க, என்ட காலப் பாருங்க."

"பதினாலு தசம் ரெண்டு எண்டு சொன்னன்," என்றான் றிபாஸ், இன்னும் கொஞ்சம் சத்தமாக.